4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

குளச்சலில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "2012இல் வாங்கிய லேப்டாப், ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 திறந்து வரவே பத்து நிமிஷம் ஆகிறது, இப்போது அப்டேட்டும் நின்றுவிட்டது. மகளுக்குக் கல்லூரி பிராஜெக்ட் அடிக்க வேண்டும், அவளுடைய அப்பாவுக்கு வள்ளத்துக் கணக்கு எழுத வேண்டும். லினக்ஸ் போடலாம் என்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எதைப் போட, அண்ணா?"

லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம், அதில் பல வகை உண்டு. நீங்கள் லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போடுங்கள். அது சின்னமன், மேட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று திரைத் தோற்றங்களில் வருகிறது, அதில் லேசானது எக்ஸ்எஃப்சிஇ, உங்களுக்கு அதுதான். மின்ட்காரர்கள் குறைந்தது 2 ஜிபி ரேம் வேண்டும், 4 இருந்தால் வசதி என்கிறார்கள், உங்களிடம் 4 இருக்கிறது. 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான அப்டேட் முடிந்துவிட்டதால், பேங்க் வேலையை அதில் செய்துகொண்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள்.

மற்ற பெயர்களும் கெட்டவை இல்லை. உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப் இந்த மிஷினுக்குப் பாரம். 2 ஜிபிதான் இருந்திருந்தால் லுபுண்டு என்ற லேசான வகையைச் சொல்லியிருப்பேன், 32 பிட் மென்பொருள் மட்டும் ஓடும் பழைய ஆட்டம் பிராசஸர் நெட்புக் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ். உங்கள் ஐ3 64 பிட், அந்தக் கவலை வேண்டாம்.

ஆனால் எந்த லினக்ஸ் போட்டாலும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் அப்படியே இருந்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும். பத்து நிமிஷத் தாமதத்துக்கு முக்கால்வாசிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிரைவ்தான் எஸ்எஸ்டி. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 240 அல்லது 256 ஜிபி போதும், அதே இடத்தில் பொருந்தும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். காசு இருந்தால் ரேமை 8 ஆக்குங்கள், ஏனென்றால் மின்ட் தனக்கென்று எடுப்பது கொஞ்சம்தான், ரேமைத் தின்பது பிரவுசர். இருக்கிற ரேமைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரில் பிசி3 என்று இருக்கிறதா பிசி3எல் என்று இருக்கிறதா பார்த்து, அதே மாதிரி வாங்குங்கள்.

கழற்றும்போது (சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு) ரேமின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் பட்டைகளைப் பாருங்கள். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று பட்டு அது மங்கி, சில இடத்தில் பச்சை பிடித்திருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். திடீர் திடீரென்று மிஷின் உறைந்துபோவது சில நேரம் இதிலேயே நின்றுவிடும்.

பணம் செலவழிக்கும் முன் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், விண்டோஸில் ஓடும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் மின்டை எழுதி (பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்), அதிலிருந்து லேப்டாப்பைத் துவக்கினால், லேப்டாப்பில் எதையும் மாற்றாமலே முழு மின்டும் திறக்கும். வேகத்தை இதில் வைத்து முடிவு செய்யாதீர்கள், பென் டிரைவ் மெதுவாகத்தான் ஓடும். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் திரை எழும்புகிறதா, இவ்வளவும் பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால், உள்ளே இருப்பது தனி டிரைவர் கேட்கும் பிராட்காம் கம்பெனி சிப்பாக இருக்கலாம். போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் மெனுவில் டிஸ்க்ஸ் என்று ஒன்று இருக்கும், அதில் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) திறந்து ரீஅலகேட்டட் செக்டர், அதாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள், எத்தனை என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் நல்லது. எண் ஏறிக்கொண்டே போனால் மகளின் படங்களையும் கணக்கு ஃபைல்களையும் அன்றைக்கே வேறு டிரைவில் எடுத்து வையுங்கள்.

வள்ளத்துக் கணக்கில் டீசல், ஐஸ், பங்கு பிரிப்பு எல்லாம் எக்சலில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மின்டோடு வரும் லிப்ரே ஆபிஸ் கால்க் அதைத் திறக்கும், மேக்ரோ (எக்சலுக்குள் எழுதும் சிறு நிரல்) எழுதியிருந்தால் மட்டும் தகராறு செய்யலாம். டாலி என்ற கணக்கு மென்பொருளை உபயோகிப்பவராக இருந்தால் ஒரு விண்டோஸ் மிஷின் இல்லாமல் முடியாது, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் என்ற மென்பொருளும் அதற்கான எம்17என் பேக்கேஜும் போட்டால் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டு விசைப்பலகையும் கிடைக்கும்.

இன்ஸ்டால் செய்யும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. பதினாலு வயது பேட்டரி தாங்காது. மழை மூடிக்கொண்டு வரும் சாயங்காலத்தில் உட்கார்ந்து, பாதியில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்துதான். காலையில், இன்வெர்ட்டர் பிளக்கில் செருகி ஆரம்பியுங்கள். எஸ்எஸ்டி போட்டிருந்தால் அரைமணி நேர வேலை.