மீட்டருக்குத் தெரிவது யூனிட் மட்டும்தான்

அன்புள்ள தம்பி,

செந்தூலில் வாடகைக்கு எடுத்த வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறது என்றும், எந்த நேரத்தில் எதைப் போடுகிறீர்கள் என்பதைச் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும் என்று அறைத்தோழர் பயமுறுத்துகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இருபது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் கரண்டு பில் கட்டி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆள் வந்து அட்டையில் குறித்துவிட்டுப் போவார். இங்கே மின்சார நிறுவனமான தெனாகாவின் ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு கணக்காகத் தானே பதிவு செய்து அனுப்பிவிடுகிறது. ஆனால் அது வீடு முழுவதற்குமான மொத்த யூனிட் மட்டுமே. 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட் ஆகும்; 800 வாட் இழுக்கும் ஏர்கோன் அரை மணி ஓட, இடையில் 600 வாட் ரைஸ் குக்கரில் இருபது நிமிடம் சோறு வெந்தாலும் அதே 0.6 யூனிட்தான். நீங்கள் குளித்தீர்களா, சமைத்தீர்களா என்பதை அந்த ஓர் எண்ணை வைத்து எந்த மென்பொருளும் அடித்துச் சொல்ல முடியாது.

மொத்தச் சுமையிலிருந்து சாதனங்களைப் பிரித்தறியும் முறையை அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் 1980களிலேயே வகுத்து, 1992இல் விரிவாக எழுதினார். ஒரு சாதனத்தைப் போடும்போது சுமை ஒரு படி ஏறும், நிறுத்தினால் இறங்கும். படியின் உயரத்தைக் கொண்டு சாதனத்தை அடையாளம் காண்பதே அதன் அடிப்படை. அதற்கு நொடிக்கு நொடி அளவு வேண்டும் என்பதால், வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பெட்டிக்குள் தனிக் கருவி பொருத்துவதே வழக்கம். அதையும் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். படியாக ஏறாமல் வழுக்கிக்கொண்டே போகும் இன்வெர்ட்டர் ஏர்கோன் அந்தக் கருவியையும் குழப்பும்.

அதற்காக அரை மணிக் கணக்கு அப்பாவி என்று சொல்ல மாட்டேன். வீடு பூட்டிக் கிடந்த நாள்கள், நீங்கள் உறங்கும் நேரம் இரண்டும் அதில் தெரிந்துவிடும். தெனாகா கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருந்தால், அன்றாடப் பயன்பாட்டை அவர் தம் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் ஏன் கூடுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். கருவி வாங்கும் முன், நான் செய்ததைச் செய்து பாருங்கள். ஒரு நாள் ஏர்கோன் போடாமல், இரவு பதினொரு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் டார்ச் அடித்து மீட்டர் எண்ணைக் குறித்தேன். யாரும் எதையும் தொடாத அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தது. பழைய ஐஸ் பெட்டியின் கதவு ரப்பர் வெடித்து, கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ரப்பரை மாற்றிய பின் அதே ஆறு மணி நேரத்துக்கு அரை யூனிட்கூட ஆகவில்லை.