நான் டயப்பர் மாற்றினால் மட்டும் ஏன் அலறுகிறாள்?

கேள்வி: எங்களுக்கு முதல் குழந்தை, பெண், பிறந்து 12 நாள் ஆகிறது. மனைவிக்கு ஆபரேஷன் ஆனதால் டயப்பர் மாற்றுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் கை வைத்ததுமே அலறுகிறாள், எங்கேயாவது வலிக்கிற மாதிரி பிடிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. ராத்திரியில் எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் ஒழுகிவிடுகிறது. ஒரு நாளைக்கு எத்தனை மாற்றினால் சரி?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள் தம்பி. பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்குத் துணி விலகி உடம்பில் காற்றுப் படுவதும், கை கால் அந்தரத்தில் நிற்பதும் பிடிக்காது, யார் மாற்றினாலும் அழும். அதனால் அவளைப் படுக்க வைப்பதற்கு முன்பே புது டயப்பரைப் பிரித்து, நனைத்த பஞ்சு, துடைக்கிற துணி, மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நெஞ்சின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, வேலை முடிகிற வரை ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். உயரமான இடத்தில் மாற்றுகிறீர்கள் என்றால் ஒரு கை எப்போதும் அவள் மேலேயே இருக்க வேண்டும், கீழே விழுந்த பஞ்சை எடுக்கக்கூட அந்தக் கையை எடுக்காதீர்கள். பால் குடித்த உடனே இரண்டு காலையும் மேலே தூக்கினால் கக்கிவிடுவாள், அப்போது லேசாகப் பக்கவாட்டில் சாய்த்துத் துடையுங்கள். பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும், மலம் முன்பக்கம் வந்தால் சிறுநீர்ப் பாதையில் தொற்று வரலாம்.

ஒழுகுவதற்கு இறுக்கம் மருந்து இல்லை. தொடையைச் சுற்றி வருகிற அந்தச் சுருக்கு ஓரம் உள்ளே மடங்கியிருந்தால் அதன் வழியாகத்தான் வெளியே வரும், ஒட்டிய பிறகு விரலை விட்டு அதைச் சுற்றிலும் வெளியே எடுத்துவிடுங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழைகிற அளவு தளர்வு போதும். இதையெல்லாம் செய்தும் ஒழுகினால் அல்லது தொடையில் சிவப்பாகத் தடம் விழுந்தால் அடுத்த அளவுக்கு மாறுகிற நேரம் வந்துவிட்டது. தொப்புள் கொடி இன்னும் விழவில்லை என்றால் டயப்பரின் முன்பக்கத்தை அதற்குக் கீழே மடித்து ஒட்டுங்கள், காற்றுப் பட்டு உலரட்டும்.

எண்ணிக்கை கேட்டீர்கள். இந்த வயதில் 8 முதல் 12 வரை மாற்றுவது சாதாரணம். ஆனால் எத்தனை மாற்றினோம் என்பதைவிட எத்தனை நனைந்தது என்று பாருங்கள், 5 நாள் தாண்டிய குழந்தைக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறையாவது நன்றாக நனைந்திருக்க வேண்டும், பால் போதுமா என்ற கவலைக்கு வீட்டிலேயே பார்க்கக்கூடிய நல்ல அடையாளம் அது. இப்போது வருகிற டயப்பர்கள் ஈரத்தை உறிஞ்சி ஜெல் ஆக்கிவிடுவதால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. புது டயப்பர் ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பாருங்கள், நனைந்த கனம் எப்படி என்று கைக்குப் பழகிவிடும்.

அப்புறம், சுருட்டிப் போடுவதற்கு முன் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். முதல் ஓரிரு நாள் தார் போலக் கறுப்பாக இருந்தது இப்போது கடுகு மஞ்சளாக மாறியிருக்கும். பச்சையோ பழுப்போ வந்தாலும் கவலை இல்லை. வெள்ளையாக, வெளிறிய களிமண் மாதிரி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள், பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தமாகலாம், அதைத் தள்ளிப் போடவே கூடாது. ரத்தம் தெரிந்தாலும், திரும்பவும் கறுப்பாகப் போனாலும் அப்படித்தான்.

கேள்வி: 4 மாதக் குழந்தைக்கு டயப்பர் போடுகிற இடம் சிவந்தே இருக்கிறது. பவுடர் போட்டுப் பார்க்கிறேன், குறையவில்லை. டயப்பரையே நிறுத்திவிடலாமா அம்மா?

பதில்: நிறுத்த வேண்டியது பவுடரை. அந்தத் தூள் குழந்தையின் மூச்சுக்குள் போகும், மடிப்பில் கட்டியாகி உரசவும் செய்யும். சிறுநீரும் மலமும் சேர்ந்து நேரம் போகப் போகத் தோலை அரிப்பதால்தான் சிவக்கிறது, அதனால் மலம் போனால் உடனே, மற்றபடி இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வாசனை உள்ள வைப்ஸ் வேண்டாம், தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நாலைந்து தடவையாவது 10 நிமிடம் டயப்பர் இல்லாமல் விடுங்கள். ஜிங்க் ஆக்ஸைடு க்ரீமைக் கெட்டியாகப் பூசுங்கள், அடுத்த முறை மாற்றும்போது அழுக்கை மட்டும் துடைத்தால் போதும், மீதி க்ரீமைச் சுரண்டி எடுக்காதீர்கள். தொடை மடிப்புக்குள்ளும் அடர் சிவப்பாக இருந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு இந்த க்ரீம் போதாது, டாக்டர் தருகிற மருந்துதான் வேண்டும். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். பிறந்த குழந்தைக்கு அந்தத் தோல் ஒட்டித்தான் இருக்கும், வளர வளரத் தானாகவே விலகும். நாமே தள்ளினால் புண்ணாகும், வெளியே மட்டும் கழுவினால் போதும். டயப்பரை ஒட்டும்போது குறி கீழ்நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மேலே பார்த்தபடி இருந்தால் வயிற்றுப் பக்கம் சட்டை நனைந்துவிடும்.