ஆல்பர்ட் நமட்ஜிராவின் வெள்ளை மரங்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஆல்பர்ட் நமட்ஜிராவின் நீர்வண்ண ஓவியம் அச்சிட்ட பழைய நாட்காட்டி ஒன்றைப் பார்த்தேன். ஒரு வெள்ளை மரம், பின்னால் ஊதா மலை, அவ்வளவுதான். இவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த மரத்தின் அருகில் இன்னொரு முறை நின்று பாருங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவது வழக்கமில்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைத்து, நிழல் விழும் பக்கத்தில் மட்டும் நீர்த்த வண்ணத்தை ஓட்டினால் அடிமரம் உருண்டு எழுந்து நிற்கும். தவறினால் அழித்துத் திருத்துவது கடினம். மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷனில் 1902இல் பிறந்த நமட்ஜிரா, மரப்பலகையில் சூட்டுக்கோலால் உருவங்கள் பொறித்து விற்றுவந்தவர். 1936இல், ரெக்ஸ் பாட்டர்பீ என்ற ஓவியரின் பயணத்தில் ஒட்டகம் ஓட்டிச் சென்று, ஏறக்குறைய இரண்டு மாதங்களில் இந்தக் கலையைக் கற்றார். 1938இல் மெல்போர்னில் நடந்த முதல் தனிக் கண்காட்சியில் அத்தனை படங்களும் விற்றுத் தீர்ந்தன.

ஐரோப்பிய பாணியை அப்படியே பின்பற்றினார் என்று விமரிசகர்கள் சிலர் குறைத்துப் பேசினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் வரைந்த மெக்டானல் மலைத்தொடர், அவர் பிறந்த அரெர்ன்டே பழங்குடி மக்களின் முன்னோர் கதைகள் உறையும் நிலம். நாம் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரை அறிவதுபோல அவர் அந்த மலைகளை அறிந்திருந்தார்.

அந்த நிலத்திலேயே மேய்ச்சல் குத்தகை கேட்டபோதும், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட முயன்றபோதும் அரசு மறுத்தது. அங்கே பழங்குடியினருக்கு அன்று முழுக் குடியுரிமை இல்லை; 1957இல் அவருக்கும் மனைவி ரூபினாவுக்கும் மட்டும் அது கிடைத்தது. உள்ளதை உறவினரோடு பகிர்வது அவர் மரபில் கடமை. மது வாங்கும் உரிமையோ உறவினர்களுக்கு இல்லை. சக ஓவியரான உறவினருக்கு மது கொடுத்ததாக 1958இல் தண்டிக்கப்பட்டு, இரண்டு மாதங்கள் பப்பன்யா என்ற பழங்குடியினர் குடியிருப்பில் காவலில் இருந்தார். மனம் உடைந்த நிலையில் 1959 ஆகஸ்டில், 57 வயதில் மறைந்தார்.

நாட்காட்டி எந்த ஆண்டினது என்று பார்த்தீர்களா? அவர் படங்களின் பதிப்புரிமையை 1983இல் அரசு அறங்காவலர் அலுவலகம் வெறும் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்திடம் விற்றுவிட்டது. அது குடும்பத்தினரின் அறக்கட்டளைக்குத் திரும்பி வந்தது 2017இல்தான்.