செத்த காலேஜுக்கு முதலில் போங்கள்

கேள்வி: மே மாதம் மூன்று நாள் சென்னை வருகிறோம். பத்து வயது மகனும் அறுபத்தெட்டு வயது அம்மாவும் உடன் வருகிறார்கள். மியூசியம், சுற்றிப் பார்க்கும் இடங்களில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

என்ன கிழமை வருகிறீர்கள் என்பதுதான் முதல் விஷயம். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்கும் அதே வெள்ளி. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய், முதலைப் பண்ணைக்குத் திங்கள். இது தெரியாமல் ஊரிலிருந்து வந்த ஏழு பேரை ஒரு வெள்ளிக்கிழமை எழும்பூர் கேட் வரை கூட்டிப் போய், ஆளுக்கொரு கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்ப அழைத்து வந்தவன் நான். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மூன்று நாளில் ஒரே ஓர் இடம்தான் முடியும் என்றால், எழும்பூர். எங்கள் பாட்டி அதை 'செத்த காலேஜ்' என்பார். மிருகக்காட்சிசாலைக்குப் பெயர் 'உயிர் காலேஜ்'. அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். 1851-ல் மியூசியத்தைத் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபர்தான், நான்கு வருஷம் கழித்து இதே வளாகத்தில் உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். பிறகு அவை மூர் மார்க்கெட் பக்கம் போய், 1985-ல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. செத்தவை மட்டும் இங்கேயே தங்கிவிட்டன. உங்கள் பையனுக்கு அந்தத் திமிங்கில எலும்புக்கூடு ஒன்றே போதும்.

ஆனால் அதற்கு முன்னால், கால் சோர்வதற்குள், அம்மாவை வெண்கலக் கூடத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். வளாகத்தில் கட்டடம் கட்டடமாக நடக்க வேண்டும். எல்லாரும் எலும்புக்கூடு, பாடம் பண்ணின புலி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் இங்கே வந்து, நாற்காலி தேடுவதிலேயே நேரத்தைப் போக்குகிறார்கள்.

அங்கே நான் போகும்போதெல்லாம் நிற்கும் இடம் இரண்டு. ஒன்று, திருவெண்காட்டு அர்த்தநாரி. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. பாதி ஆண், பாதி பெண் என்று சொல்லிவிடுவது சுலபம், அதை ஒரே இடுப்பில் செய்து காட்டுவது லேசில்லை. அந்தச் சோழநாட்டுக் கைக்குச் செய்யத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது, திருவாலங்காட்டு நடராஜர். சுற்றிலும் திருவாசி என்கிற நெருப்பு வளையம் இல்லை, விரிந்து பறக்கும் சடையும் இல்லை. அதனாலேயே உடம்பின் ஆட்டம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்பது என் கட்சி. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தச் சிலையை நேரில் பார்த்ததே இல்லை. புகைப்படங்களை வைத்துக்கொண்டு உருகி எழுதினார். அவர் இறந்து நாலு வருஷம் கழித்து, 1921-ல் அது அச்சில் வந்தது. நமக்கு எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்.

"கோயில்ல இருக்க வேண்டிய சாமி இங்க எதுக்கு?" என்று அம்மா கேட்கலாம். வருகிற பெரியவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள். பல சிலைகள் மண்ணுக்கடியில் கிடைத்தவை. படையெடுப்புக்குப் பயந்து எப்போதோ புதைத்து வைத்ததை, பிற்பாடு யாரோ வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது கண்டெடுத்திருப்பார்கள். 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி தகவல் கலெக்டருக்குப் போகும், சிலை அரசு வழியாக மியூசியத்துக்கு வந்து சேரும்.

என் மாமனாருக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். அவரை முதன்முதலாக அழைத்துப் போனபோது வெண்கலக் கூடத்தைச் சட்டென்று கடந்துவிட்டார். ஆதிச்சநல்லூர் என்று எழுதியிருந்த இடத்தில்தான் நின்றார். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலுள்ள பழங்காலப் புதைகாடு அது. 1899-லிருந்து 1905 வரை தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டி எடுத்த சாமான்கள். கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "நம்மூர்ல தோண்டுனத எல்லாம் இங்கன கொண்டாந்து வச்சிருக்கானுவ, பாத்தியளா மாப்ள?" என்றார். கோபமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களைக் காட்டினேன். கிருஷ்ணா நதிக்கரையில் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டி மெட்ராஸுக்கு அனுப்பியவை அவை. அதில் ஒரு பகுதி 1859-ல் கப்பலேறி, இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. "அப்பம் நம்ம சாமான் இந்த மட்டுக்கும் எழும்பூரோட நின்னுச்சே" என்று சமாதானமாகிவிட்டார்.

அன்றிலிருந்து நான் யாரை அழைத்துப் போனாலும் ஒரு வேலை கொடுக்கிறேன்: சிலையைப் பார்க்கும் முன் கீழே இருக்கும் சீட்டைப் படித்து, உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். பையனுக்கும் இது பொழுதுபோகும்.

இரண்டாம் நாள் காலை ஏழரைக்கே கிளம்பி ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். மே வெயிலில் பதினொரு மணிக்கு மேல் அங்கே நடக்க முடியாது. முதலில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. அங்கே செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று நிஜ வீடுகளையே கழற்றி எடுத்து வந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காரலாம் என்பதால் அம்மாவுக்கு எழும்பூரைவிட இது பிடித்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். தீம் பார்க்குகளை விட்டுவிடுங்கள். அந்தச் சறுக்குமரம் எந்த ஊரிலும் கிடைக்கும்.

மூன்றாம் நாள் பையன் நாள். பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலைப் பக்கம் ரயில் மியூசியம் இருக்கிறது. பழைய நீராவி என்ஜின்களை வெட்டவெளியில் நிறுத்தியிருப்பதால் இங்கேயும் காலை நேரம்தான் சரி. கோட்டையையும் பார்க்க ஆசையென்றால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் சோதனை உண்டு. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடியை அங்கே வைத்திருக்கிறார்கள். அதற்காக மட்டுமே போகலாம். மற்றபடி பீங்கானும் பீரங்கியும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

சாயங்காலம் மெரினாவுக்கு எப்படியும் போவீர்கள். எதிரே அந்த வட்டமான பழைய கட்டடம், இப்போதைய விவேகானந்தர் இல்லம், 1842 வாக்கில் ஐஸ் வைக்கக் கட்டிய கிடங்கு. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸ் கப்பலில் வந்து இங்கே இறங்கியிருக்கிறது. 1897-ல் விவேகானந்தர் தங்கியது பிற்பாடு. அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று பையனுக்குச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டான்.

எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சீர்காழி, மயிலாடுதுறை, தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் வெண்கலக் கூடத்தில் அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.