பகலில் லாரி வரக் கூடாதென்றால், அந்த ஆணை எங்கே?

கேள்வி: வேலூர் லாங் பஜாரை ஒட்டிய தெருவில் அரிசிக் கடை வைத்திருக்கிறேன். ஆரணி ஆலையிலிருந்து வாரம் ஒரு லோடு வரும். சென்ற மாதம் காலை பத்து மணிக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, பகலில் லாரி உள்ளே வரக் கூடாது என்று 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். அடுத்த வாரமும் பிடித்ததாகவும், 300 ரூபாய் கொடுத்துச் சமாளித்ததாகவும் டிரைவர் சொல்கிறார். அதற்கு ரசீது இல்லை. லாரிக்காரர் இரண்டு தொகையையும் என் கணக்கில் ஏற்றிவிட்டார். தெருமுனையில் நேரம் குறித்த பலகை எதுவும் இல்லை. இரவில் இறக்கலாம் என்றால் மாடி வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் பணக் கணக்கை முடித்துவிடுவோம். போக்குவரத்து அபராதம் வண்டி ஓட்டியவர் மீதோ வண்டி உரிமையாளர் மீதோதான் விழும். சரக்கு யாருக்கு வந்தது என்று மோட்டார் வாகனச் சட்டம் கேட்பதில்லை. எனவே 500 ரூபாயை உங்கள் தலையில் கட்ட வேண்டுமென்றால், உங்களுக்கும் லாரிக்காரருக்கும் இடையே அப்படி ஒரு பேச்சு இருந்திருக்க வேண்டும். சரக்கை ஏற்றியதற்கு லாரிக்காரர் தரும் எல்.ஆர். ரசீதின் பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். ஹால்டிங் (லாரி காத்து நிற்பதற்கான கட்டணம்), அபராதம் எல்லாம் சரக்கு பெறுபவர் பொறுப்பு என்று சிலர் அச்சடித்து வைத்திருப்பார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், 'பத்து மணிக்கே வந்து சேர வேண்டும்' என்று நீங்கள்தான் டிரைவரை விரட்டினீர்கள் என்றால், சட்டம் எப்படியிருந்தாலும் பாதித் தொகையையாவது ஏற்றுக்கொள்வது நியாயம். அடுத்த லோடும் அவர்தானே கொண்டுவர வேண்டும்.

அந்த 300 ரூபாய் வேறு கதை. ரசீது இல்லாத தொகைக்கு அபராதம் என்று பெயரில்லை. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பிக்க முடியும். அந்தத் தொகையை உங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பிலும் ஏற்றாதீர்கள். லாரிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இனி தடைக்கு வருவோம். குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 115-ஆம் பிரிவில் இருக்கிறது. அது மாநில அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்த அதிகாரிக்கும் உரியது. அந்தத் தடையை அரசிதழில் அறிவிக்க வேண்டும். உரிய இடங்களில் பலகையும் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகத் தடைக்கு மட்டும் அரசிதழ் தேவையில்லை. அதற்கும் உள்ளூரில் விளம்பரம் செய்தாக வேண்டும். வேலூர் 2008-இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனால் சென்னை, கோவை போல இங்கே மாநகரக் காவல் ஆணையர் கிடையாது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான். ஆகவே ஆணை இருந்தால் அது மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கோப்பிலோ கண்காணிப்பாளர் அலுவலகக் கோப்பிலோ கிடைக்க வேண்டும். 'ரொம்ப நாளாக இப்படித்தான்' என்பது ஆணை ஆகாது.

இதைப் படித்துவிட்டுச் சாலையில் நிற்கும் காவலரிடம் டிரைவரை வாதாட விடாதீர்கள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பணியில் இருக்கும் காவலர் 'திருப்பு' என்றால் திருப்பியாக வேண்டும் என்கிறது 119-ஆம் பிரிவு. வேண்டுமென்றே மீறினால் 179-ஆம் பிரிவு குறுக்கே வரும். அதற்கு 2,000 ரூபாய் வரை போகலாம். அங்கே கீழ்ப்படிந்துவிட்டுக் காகிதத்தில் கேளுங்கள்.

லாரிக்காரருக்கு வந்த இ-சலானை, அதாவது மின்னணு அபராதச் சீட்டை, வாங்கி, அதில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். பலரும் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். 177 என்பது பொதுவான அபராதப் பிரிவு. முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை. அதோடு 122 சேர்ந்திருந்தால், உங்கள் லாரி பிடிபட்டது நேரத்துக்காக அல்ல, வழியை அடைத்துக்கொண்டு நின்றதற்காக. அப்படியானால் பலகை இல்லை, அறிவிப்பு இல்லை என்ற வாதம் எதுவும் உதவாது. லாங் பஜார்ப் பக்கம் எனக்குத் தெரியும். ஒரு பக்கம் தள்ளுவண்டி, மறுபக்கம் இரு சக்கர வாகனங்கள், நடுவில் லாரி நின்றால் ஆட்டோகூட நுழையாது. இறக்கிய மூட்டைகளைச் சாலையில் அடுக்கி வைத்தால் அதற்கு லாரிக்காரர் பொறுப்பில்லை, நீங்கள்தான். பாரதிய நியாய சம்ஹிதையின் 285-ஆம் பிரிவில் பொதுவழியை மறிப்பதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது வெறும் 200 ரூபாயாக இருந்தது.

சலான் பிரிவு 115-ஐ ஒட்டியதுதான் என்றால், வண்டியின் எடையைப் பாருங்கள். வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் மொத்த எடை இருக்கும். அது 7,500 கிலோவுக்கு மேற்படாவிட்டால் சட்டப்படி இலகுரக வாகனம். 12,000 கிலோவைத் தாண்டினால்தான் கனரகம். 'கனரக வாகனங்களுக்குத் தடை' என்ற ஆணையை வைத்துக்கொண்டு சின்ன லாரியையோ குட்டியானையையோ பிடிக்க முடியாது. பார்ப்பதற்குப் பெரிதாக இருக்கிறது என்பது அளவுகோல் அல்ல.

சலானைக் கட்டலாம், கட்டாமல் நீதித்துறை நடுவர் முன் எதிர்க்கலாம். கட்டிவிட்டால் அந்த விஷயம் இணக்கமாக முடிந்ததாகிவிடும். வழக்கு லாரிக்காரருடையது, உங்களுடையதல்ல என்பதையும் மறக்காதீர்கள். 500 ரூபாய்க்காக அவர் ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு நீதிமன்றம் வர மாட்டார். வரச் சொல்ல நானும் மாட்டேன்.

அதைவிட மலிவான வழி தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 'ஏன் தடுக்கிறீர்கள்' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் சுற்றி வளைத்துப் பதில் வரும். இந்தத் தெருவுக்குப் பிரிவு 115-இன் கீழ் பிறப்பித்த ஆணையின் நகல், அது வெளியான அரசிதழின் நாள், எந்த வகை வாகனம், எந்த நேரம், பலகை எங்கெங்கே வைக்கப்பட்டது என்று ஆவணமாகக் கேளுங்கள். முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. 'அப்படி ஆணை ஏதும் இல்லை' என்று எழுத்தில் வந்துவிட்டால், அந்த ஒரு தாள் அடுத்த சலானை எதிர்க்கவும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடவும் போதும்.

இரவில் இறக்குவதைப் பற்றிய மாடி வீட்டுக்காரர்களின் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. வணிகப் பகுதியில் 55 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 45. குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்தில் ஹாரன் அடிக்கவே கூடாது. மூட்டை இறக்கும் சத்தத்தைவிட, ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் பலகையில் தட்டிக் கத்துவதும், ஓடிக்கொண்டே நிற்கும் இன்ஜினும்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஆறு மணிக்குத் தொடங்கி, கடைகள் திறப்பதற்குள் முடித்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் வழக்கில்லை. ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் தாண்டி வரும் லாரி விடியற்காலையில் வேலூர் சேர்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. கூலி ஆட்களுக்குத்தான் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் தெருவின் மண்டிக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வண்டி நின்று சரக்கு இறக்க இடமும் நேரமும் குறித்துத் தருமாறு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுங்கள். அந்த இடத்தை உள்ளாட்சி அமைப்பைக் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்பதால், மாநகராட்சி ஆணையருக்கும் ஒரு நகல் தேவை. திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்வு நாள் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணுடன் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடை நேரம் இன்னது என்று எழுத்தில் வந்தபின், லாரிக்காரருடன் புதிதாகப் பேசி, அந்த நேரத்தில் பிடிபட்டால் அபராதம் யார் பொறுப்பு என்பதை எல்.ஆர். ரசீதிலேயே எழுதிவிடுங்கள்.