12 ஏக்கர் காட்டுல விறகுக்கு எது, மானுக்கு எது?

நியூயார்க் மாநிலம் அலெகனி கவுண்டில இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காங்க. 12 ஏக்கர் வாங்கியிருக்காங்களாம், அதுல 8 ஏக்கர் மேப்பிள், பீச், ஆஷ், கொஞ்சம் ஓக் எல்லாம் கலந்த காடு, மீதி உழாம விட்ட பழைய நிலம். வுட் ஸ்டவ் வச்சுதான் வீட்ட சூடு பண்ணப் போறாங்க, மானும் வரணும்னு ஆசை, மரத்த வெட்டினா மான் வராம போயிடுமான்னு கவலை.

போகாதுங்க. வெட்டாம அப்படியே விட்டாதான் மானுக்கு அங்க வேலையே இருக்காது. மேல கிளையெல்லாம் கூடி மூடிக்கிட்டா தரைக்கு வெயில் வராது, வெயில் வரலேன்னா கீழ ஒண்ணும் முளைக்காது, குளிர்காலத்துல மான் திங்கிறது நாலஞ்சு அடி உயரத்துக்குள்ள இருக்கிற மொட்டும் சிறு கிளை நுனியும்தான், அது இல்லாத காட்ட அது கடந்து போகும், தங்காது. ஒரு மான் சுத்துற பரப்பு சுமார் 640 ஏக்கர் வரைக்கும் போகும், அதனால 12 ஏக்கர்ல மானைக் கட்டி வைக்க நினைக்காதீங்க, பக்கத்து நிலத்துல இல்லாதது உங்ககிட்ட இருந்தா போதும்.

முதல்ல கை வைக்க வேண்டியது பீச். வழவழன்னு சாம்பல் பட்டை, ஊசி மாதிரி நீளமா கூரான மொட்டு, பார்த்தா உடனே தெரியும். இதோட கன்னுகள மான் பெருசா தொடாது, மத்த மரக்கன்னுகளயெல்லாம் தின்னுட்டு இத விட்டுடும், அதனாலதான் அந்தப் பக்கத்துக் காடுகள்ல கீழ பூரா பீச் புதரா நிக்குது. ஆனா விறகுக்கு அருமையான மரம், ஒரு கார்டுக்கு (விறகு அளக்குற கணக்கு, கீழ சொல்றேன்) ஏறக்குறைய 24 மில்லியன் பிடியூ, அதாவது வெப்ப அலகு. சும்மா வெட்டினா மட்டும் வேர்லேர்ந்து மறுபடி கூட்டமா கிளம்பும், அதனால செப்டம்பர் வாக்குல வெட்டி, வெட்டின உடனே அடிக்கட்டையோட பட்டை ஓரத்துல கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லி மருந்த தடவிடுங்க, லேபிள்ல போட்ட அளவு தான். பட்டையில நோய்க் கொப்புளம் இல்லாத பெரிய பீச் ஒண்ணு ரெண்டு இருந்தா விட்டுடுங்க, அதோட கொட்டைய மான் திங்கும்.

அடுத்து ஆஷ். எமரால்டு ஆஷ் போரர் வண்டு 2009ல நியூயார்க்குக்குள்ள வந்துச்சு, உங்க ஆஷும் பாதி செத்திருக்கலாம். செத்த ஆஷ் ரொம்ப நொறுங்கும், செயின்சா வச்சதும் உச்சிக் கிளை ஒடிஞ்சு தலையில விழும், அனுபவம் இல்லாம நீங்களா தொடாதீங்க, ஆளு வச்சு வெட்டுங்க, ப்ளீஸ்.

ஓக் மரத்த மட்டும் காப்பாத்துங்க. நல்ல விரிஞ்ச தலையோட நிக்கிற ஓக் ஒண்ணொண்ணா பாத்து, அதோட கிளைய இடிக்கிற மேப்பிள மூணு பக்கமாவது வெட்டி விடுங்க, தலைக்கு வெயில் கிடைச்சா ஏகார்ன், அதாவது ஓக் கொட்டை, காய்ப்பு கூடும். காட்டு ஆப்பிள் மரத்துக்கும் இதே வைத்தியம். ஹெம்லாக்னு ஊசியிலை மரம் இருந்தா, அது ஸ்டவ்வுக்கு சுமாரான விறகு, ஆனா பனியில மான் ஒதுங்குற இடமே அதுதான், தொடாதீங்க.

மேப்பிள் வேலைய ஜனவரி, பிப்ரவரில வச்சுக்கோங்க. உச்சிக் கிளைகள அள்ளாம அங்கேயே போடுங்க, மொட்டு திங்க மான் சீக்கிரமே வந்துடும், அந்தக் குவியலுக்குள்ள முளைக்கிற கன்னுகளுக்கு அதுவே வேலி. சிவப்பு மேப்பிள் அடிக்கட்டையில மருந்து தடவாதீங்க, அது துளிர்க்கட்டும், மான் அத விரும்பித் திங்கும். பார்பெர்ரி, மல்டிஃப்ளோரா ரோஸ் மாதிரி புதர் ஏற்கெனவே இருந்தா மட்டும் அத ஒழிச்சுட்டு அப்புறமா மரத்துல கை வைங்க, இல்லேன்னா வர்ற வெயில் பூரா அதுக்குத்தான் போகும்.

விறகு எவ்வளவு கிடைக்கும்? ஏக்கருக்கு வருஷம் அரை கார்டுன்னு வச்சுக்கிட்டா காடு தேயாது, 8 ஏக்கருக்கு 4 கார்டு. ஒரு கார்டுன்னா 4 அடி, 4 அடி, 8 அடி, மொத்தம் 128 கன அடி. பத்தலேன்னா வெளில வாங்குங்க, ஆனா சூடேத்திப் பூச்சி நீக்காத விறக 50 மைலுக்கு மேல கொண்டு போக நியூயார்க்ல அனுமதி இல்ல.

பச்சை விறக எரிச்சா சூடும் வராது, புகைபோக்கில கிரியோசோட்ங்கிற தார் மாதிரி கசடு படிஞ்சு தீப்பிடிக்கும். ஓக் காய ரெண்டு வருஷம் ஆகும், பீச், மேப்பிள் பிளந்து அடுக்கினா ஒரு முழு கோடையாவது வேணும். பாலட் (சரக்கு வைக்கிற மரச்சட்டம்) மேல அடுக்கி, தலைய மட்டும் மூடி, பக்கத்த காத்துக்கு விடுங்க. ஈரம் அளக்குற மாய்ஸ்சர் மீட்டர கட்டையோட வெளிப்பக்கத்துல குத்தாதீங்க, ஒரு கட்டைய புதுசா பிளந்து உள் முகத்துல குத்துங்க, 20 சதவீதத்துக்குக் கீழ வந்தா எரிக்கலாம். புகைபோக்கிய வருஷா வருஷம் சுத்தம் பண்ணணும்.

மான் வரணும்னு சோளம் கொட்டாதீங்க, அங்க சட்டப்படியே தடை, குளிர்காலத்துல திடீர்னு சோளம் தின்னா மான் வயிறு புளிச்சு செத்தே போகும்.

வெட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மாநில சுற்றுச்சூழல் துறையான டிஇசியோட ஃபாரஸ்டர கூப்பிடுங்க, காசு வாங்காம வந்து பாத்துட்டு போவாங்க. இலை இருக்கிற கோடையிலயே வரச் சொல்லுங்க, எந்த மரம் உயிரோட இருக்கு, எது பட்டுப்போச்சுன்னு அப்பதான் தெளிவா தெரியும், அவங்க கூடவே நடந்து, விட வேண்டிய மரத்துக்கெல்லாம் ரிப்பன் கட்டிடுங்க.