ஜெயிக்கிற டீமை விட்டு தாராளமா போங்க, ரிலீவிங் ஆர்டர் இல்லாம போகாதீங்க

கேள்வி (சுருக்கி): சென்னையில ஒரு பொதுத்துறை வங்கி பாஸ்கெட்பால் டீம்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல க்ளர்க்கா இருக்கேன். டீம் வரிசையா கப் அடிக்குது, டாப் ஸ்கோரர் நான்தான். ஆனா கோச் எல்லா ப்ளேயும் ஒரு சீனியருக்குத்தான் போடறார், மரியாதையே இல்ல. வெளி மாநிலத்துல ஒரு கம்பெனி டீம் டபுள் சம்பளம் தர்றேங்கறாங்க, உடனே வரணுமாம். மூணு வருஷ பாண்ட்ல ஒரு வருஷம்தான் முடிஞ்சிருக்கு, நடுவுல போனா 2 லட்சம் கட்டணும், அப்பா ஷ்யூரிட்டி. பாண்ட் கோர்ட்ல நிக்காதுன்னு ஃப்ரெண்ட் சொல்றான். கோச் மேல டார்ச்சர் கேஸ் போட்டுட்டு வெளிய வரலாமா? அமெரிக்கா பாஸ்கெட்பால் ஸ்டார் கைரி இர்விங் ஜெயிக்கிற டீமை விட்டுப் போகலையா?

பதில்:

தம்பி, கோச், சீனியர், மரியாதை இதெல்லாம் எந்த ஜட்ஜும் படிக்க மாட்டார். யாருக்கு பால் பாஸ் பண்ணணும்னு கோர்ட் ஆர்டர் போடாது. உங்க விஷயத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேள்வி, பாண்ட் இன்னும் ஓடிட்டிருக்கறப்ப எப்படி வெளிய வர்றீங்க.

கைரி கதை இங்க ஆகாது. 2017 ஜூலைல டீம் மாத்தி விடச் சொல்லிக் கேட்டார், ஆகஸ்ட்ல அவர் டீம் க்ளீவ்லாண்ட் அவரை பாஸ்டன் டீமுக்கு ட்ரேட் பண்ணுச்சு, அதாவது கைமாத்தி விட்டுச்சு. அவர் கான்ட்ராக்டை உடைக்கல, அதே கான்ட்ராக்டோட டீம்தான் மாறுச்சு. அதே லீக்ல இன்னொரு ப்ளேயர் பென் சிம்மன்ஸ் 2021ல ஆட மாட்டேன்னு உக்காந்தப்போ கோடிக்கணக்குல சம்பளத்தைப் புடிச்சாங்க, கடைசில ரெண்டு பக்கமும் பேசித்தான் முடிச்சாங்க. உங்க வங்கிக்கு ட்ரேட்னா என்னன்னே தெரியாது, அவங்களுக்கு நீங்க பாண்ட் போட்ட ஒரு க்ளர்க், அவ்ளோதான்.

ஃப்ரெண்ட் சொன்னது பாதி உண்மை. வேலை முடிஞ்ச அப்புறமும் ஒருத்தரைக் கட்டி வெக்கற க்ளாஸ் காண்ட்ராக்ட் ஆக்ட் 27வது பிரிவுல அடிபடும், ஜாகீர் கான் மேல ஒரு கம்பெனி போட்ட கேஸ்ல 2006லயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிருச்சு. ஆனா வேலைல இருக்கற காலத்துக்கான கண்டிஷன் வேற. 1967ல கோலிகாரின்னு ஒருத்தர் அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்டோட நடுவுல ஜாஸ்தி சம்பளத்துக்கு போட்டி கம்பெனிக்குப் போனார், அவரைத் தடுத்த ஆர்டரை சுப்ரீம் கோர்ட் அப்படியே வெச்சுது. உங்களுக்கு இன்னும் கிட்ட ஒரு கேஸ், விஜயா பேங்க் ஆபீசர் ஒருத்தர், அதே மூணு வருஷம், அதே 2 லட்சம், 'அண்டர் ப்ரொடெஸ்ட்', அதாவது ஒத்துக்காமத்தான் கட்டறேன்னு எழுதிக் குடுத்து பணத்தைக் கட்டி வேற பேங்குக்குப் போய் கேஸ் போட்டு கர்நாடகா ஹைகோர்ட்ல ஜெயிச்சும்கூட, 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் பாண்ட் செல்லும்னு சொல்லி அதைத் திருப்பிருச்சு. இதுக்கு மேல பாண்டை எதிர்த்து உங்களுக்கு நான் கேஸ் போட்டா ஃபீஸ் வாங்கறதுக்காகப் போடறதுன்னுதான் அர்த்தம்.

சரி, பணம் பெரிய ஆபத்து இல்ல. 'உடனே வரணும்'ங்கற வார்த்தைதான் ஆபத்து. பசங்க மாட்டறது எப்பவும் இங்கதான். புது டீம் மேனேஜர் போன்ல 'டோர்னமெண்ட் இருக்கு வந்துரு, பாண்ட் காசு நாங்க பாத்துக்கறோம்'பார், பையன் மெடிக்கல் லீவ் எழுதிப் போட்டுட்டு போய் ஆடுவான், யாரோ மேட்ச் போட்டோவை இன்ஸ்டால போடுவாங்க, அது ப்ரிண்ட் அவுட்டா வங்கி தர்ற சார்ஜ்ஷீட்ல வந்து நிக்கும். அதோட கேஸ் மாறிப் போச்சு. பாண்ட் தகராறா இருந்தது இப்ப மிஸ்கண்டக்ட். என்கொயரி ஓடறப்போ ராஜினாமா லெட்டர் குடுத்தாலும் பொதுவா ஏத்துக்க மாட்டாங்க, நீங்க இன்னும் ஸ்டாஃப்தான், ஆனா சம்பளம் இல்ல. டிஸ்மிஸ் ஆச்சுன்னா ரயில்வே, இன்கம் டாக்ஸ்னு வேற ஸ்போர்ட்ஸ் கோட்டா வாசலும் சாத்தின மாதிரிதான். இதுக்கு நடுவுல அங்க முட்டில ஏசிஎல்ங்கற லிகமெண்ட் கிழிஞ்சா? மேனேஜர் போனை எடுக்க மாட்டார். வாயால சொன்ன 'பாத்துக்கறோம்'ஐ எந்த கோர்ட்ல காட்டுவீங்க? வங்கி நேரா உங்க அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பும். ஷ்யூரிட்டி போட்டவர் முழுத் தொகைக்கும் உங்களுக்குச் சமமா பொறுப்பு, முதல்ல பையன்கிட்ட வசூல் பண்ணுங்கன்னு அவர் சொல்ல முடியாது.

அதனால கட்டிட்டுப் போங்க. டபுள் சம்பளம்னா 2 லட்சம் கொஞ்ச மாசத்துல வந்துரும். முதல்ல புது கம்பெனிகிட்ட ஆஃபர் லெட்டர் வாங்குங்க, பாண்ட் தொகை யார் தர்றாங்க, காயம் பட்டா சம்பளம் உண்டா, ரெண்டும் அதுல எழுத்துல இருக்கணும், எழுதித் தர மாட்டேன்னா அந்த ஆஃபரே வேண்டாம். அப்புறம் நோட்டீஸ் பீரியடோட ராஜினாமா, பாண்ட் தொகை கட்டத் தயார்னு அதுலயே ஒரு வரி. ஒரு வருஷம் வேலை செஞ்சதுக்குக் கழிச்சுக் கேட்டுப் பாருங்க, முடியாதுன்னா சண்டை போடாதீங்க. பணத்தை பேங்க் மூலமாவே கட்டி வேலைல இருந்து விடுவிச்சாச்சுங்கற ரிலீவிங் ஆர்டர், பாக்கி இல்லைங்கற நோ ட்யூஸ், அப்பா கையெழுத்து போட்ட பாண்ட் மூணையும் கையில வாங்குங்க. ஸ்டேட் பாஸ்கெட்பால் அசோசியேஷன்கிட்ட தடையில்லா சர்டிபிகேட்டும் (என்ஓசி) அப்பவே கேளுங்க, புது ஸ்டேட்ல அது இல்லாம இழுத்தடிப்பாங்க. அதுவரைக்கும் புது டீம் ஜெர்சியைத் தொடாதீங்க, ஃப்ரெண்ட்லி மேட்ச் கூட வேண்டாம், இப்ப இருக்கற டீமுக்கு ப்ராக்டிஸ் போங்க, கோச் பெஞ்ச்ல உக்கார வெச்சா உக்காருங்க.

கோச் மேல எழுதி வெச்சிருக்கற கம்ப்ளைண்டை ராஜினாமா லெட்டரோட சேத்து அனுப்பிடாதீங்க. அதை விசாரிக்கறோம்னு சொல்லியே உங்க ஃபைலை மாசக்கணக்கா மேஜைல போட்டு வெப்பாங்க.